பதின்மூன்றாவது பெண்மணி

உலக வரலாற்றை மாற்றிய பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. மூன்று பேரும் ஆண்கள்.

இடம், பள்ளத்தூருக்குப் பக்கத்தில் செங்கணிவயல் ஊராட்சி மன்றம். தலைவர் நாற்காலியில் மலையாண்டி சாய்ந்திருந்தார். தேர்தலில் ஜெயித்தது என்னவோ அவர் மனைவி மஹாலட்சுமி. பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் மனைவியை நிற்க வைத்தார் மலையாண்டி. ஜெயித்த மறுநாளே உட்கார வைத்துவிட்டார், வீட்டில். நாற்காலி, வண்டியின் முன்னால் தொங்கும் பலகை, 'தலைவரே' என்ற கும்பிடு எல்லாம் இவருக்கு வந்து சேர்ந்தன.

எதிரே துணைத் தலைவர் சின்னச்சாமி. பக்கத்தில் செல்போனும் கையுமாக ஊராட்சிச் செயலர் பாண்டிமுருகன். மகளிர் தின விழாவுக்குப் படம் மாட்ட வேண்டும்.

"மேரி கியூரின்னு ஒரு அம்மா, தலைவரே. ரெண்டு நோபல் பரிசு வாங்குனவுக" என்று செல்போனைப் பார்த்துப் படித்தான் பாண்டிமுருகன்.

"வீட்டுக்காரர் என்ன பண்ணுனாரு?"

"அவரும் விஞ்ஞானிதான்."

"அப்ப அவரு பாத்த வேலையாத்தான் இருக்கும். சரி, போடு. வெள்ளக்காரப் பொம்பள ஒண்ணு இருந்தா வரிசைக்கு எடுப்பா இருக்கும்."

ஔவையார் ஏகமனதாகத் தேறினார். வயதானவர், யாருக்கும் தொந்தரவில்லை. கிளியோபாட்ராவைப் பார்த்ததும் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. செல்போன் மூன்று கை மாறியது. "கழுத்துக்கு மேல மட்டும் பிரேம் போடச் சொல்லு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக வரும்" என்று மலையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அடுத்தது வேலு நாச்சியார். சிவகங்கைச் சீமையில் அவரை விட்டுவிட்டு எந்தச் சுவரிலும் ஆணி அடிக்க முடியாது.

"வீட்டுக்காரர் போன பெறகு படையைத் தெரட்டிக்கிட்டு வந்து சீமையையே மீட்டாக" என்றார் சின்னச்சாமி, மலையாண்டியை ஏற இறங்கப் பார்த்தபடி.

மலையாண்டிக்கு அந்த 'போன பெறகு' பிடிக்கவில்லை. "அதையெல்லாம் மேடையில விளக்க வேணாம். வீரத்தாய்னு மட்டும் போடு."

பன்னிரண்டு பேரும் அமைந்துவிட்டார்கள். மலையாண்டிக்குத் தலைவலி பதின்மூன்றாவது பெண்ணால்தான்.

ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்து மலையாண்டி ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். அதற்கு ஆளுயரச் சுற்றுச்சுவர் வேறு. அடைமழை பெய்தாலும் ஊரணி நிரம்பவில்லை. ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். போன கிராம சபையில், எழுதிக் கொடுத்த தீர்மானத்தை வாசிக்கத்தான் மஹாலட்சுமியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவளோ எழுதாததையும் சேர்த்து வாசித்தாள்: "வரத்துக்கால மறிச்ச செவர இடிக்கணும்." மலையாண்டி பாய்ந்து மைக் வயரைப் பிடுங்கினார். அன்றிலிருந்து மைக் இருக்கும் இடத்துக்கு மனைவியை அவர் கூட்டிப்போவதில்லை.

விழாவுக்கு வரப்போகிறவரோ சித்ரா என்ற பெண் அதிகாரி. போகிற ஊரில் எல்லாம் புருஷன்மாரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, தலைவியைப் பேசச் சொல்லிக் கேட்கிறாராம். மஹாலட்சுமி அவர் முன்னால் வாயைத் திறந்தால் சுவர் தரைமட்டம்.

"அதிகாரி அம்மாவுக்கு மதியச் சாப்பாடு நம்ம வீட்டுல. அவ அங்குட்டு அடுப்படியில கெடக்கட்டும்" என்று திட்டம் போட்டார்.

"தலைவி எங்கேன்னு கேட்டாகன்னா?" என்றான் பாண்டிமுருகன்.

"படத்த வச்சுருவோம். வரிசையில கடைசியா நம்ம வீட்டு ஆளு. இதுக்கு மேல என்னய்யா மரியாத வேணும் ஒரு பொம்பளைக்கு?"

காரைக்குடி பிரேம் கடைக்காரர் போன் செய்தார். "கடைசிப் படத்துக்குக் கீழ தேதி போடணுமாய்யா?"

"பொறந்த தேதி மட்டும் போடுங்க."

"சரிங்கய்யா" என்றவர், ஏனோ குரலைத் தாழ்த்தி, "மனச விட்றாதீக" என்று போனை வைத்தார்.

விழாவன்று காலை படங்களுக்குச் சந்தன மாலை ஏறியது. எல்லா மாலையையும் வாங்கி வந்தவர் சின்னச்சாமி. மஹாலட்சுமியின் படத்துக்கு மட்டும் பெரிய மாலை, முன்னால் சிவப்பாக மினுங்கும் குட்டி எலெக்ட்ரிக் விளக்கு, இரண்டு ஊதுபத்தி.

பாண்டிமுருகன் ஓடி வந்தான். "தலைவரே, இதுக்கு மட்டும் மாலை வேணாமே..."

"மத்த பன்னெண்டு பேருக்கும் போட்டுட்டு எம் பொண்டாட்டிய மட்டும் மொட்டையா விட்டா, எங்க மாமனார் வீட்டு ஆளுக என்ன நெனப்பாக? போடுய்யா!"

கூட்டத்தில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தலைவரிடம் யார் போய்ச் சொல்வது?

சித்ரா வந்தார். ஔவையார் முதல் ஒவ்வொரு படத்துக்கும் பூத் தூவிக்கொண்டே வந்தவர், பதின்மூன்றாவது படத்துக்கு முன்னால் நின்றார். கீழே 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்றிருந்தது. செருப்பைக் கழற்றினார். கண்களை மூடினார். அவரோடு வந்த ஊழியர்களும் கண்களை மூடினார்கள். கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது.

"எப்போ தவறினாங்க?" என்று மெல்லக் கேட்டார் சித்ரா.

மலையாண்டி படத்தையும் சித்ராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்குத் தகவலே வரலையே! தலைவர் இறந்தா உடனே தெரிவிக்கணும். இப்போ பொறுப்பை யார் பாக்குறாங்க?"

"துணைத் தலைவர் நாந்தாம்மா." சின்னச்சாமி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் துக்கம், கூடாமல் குறையாமல். "என்ன செய்ய, விதி! ஊருக்காக நான் சொமக்கிறேன்."

அப்போதுதான் மலையாண்டிக்கு உறைத்தது. மனைவி போனால் நாற்காலியும் போகும்!

"அம்மா! அவ உசுரோட இருக்காம்மா!"

"உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு எதுக்கு மாலை?"

"அது... ஒரு கௌரவத்துக்கு."

"சரி, அவங்க எங்கே?"

"ஒடம்புக்குச் சொகமில்ல. காரைக்குடியில, ஆஸ்பத்திரியில..."

"ஆஸ்பத்திரியா?" நூறு நாள் வேலைப் பெண்கள் வரிசையிலிருந்து பொன்னுத்தாயியின் குரல் கணீரென்று வந்தது. "வரயில பாத்தனே! வீட்டுல ஒக்காந்து அயிர மீன ஒரசிக்கிட்டு இருக்காக. ஆஸ்பத்திரியில மீன் கொழம்பா வைக்கிறாக?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்ரா சிரிக்கவில்லை. "கூட்டிட்டு வாங்க" என்றார்.

மஹாலட்சுமி மஞ்சள் கறை படிந்த விரல்களோடு வந்து சேர்ந்தாள். நேராகத் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஊதுபத்திப் புகை அவள் முகத்தில் அடித்தது. மலையாண்டி பக்கத்தில் வந்து, "மஹா, இதப் பெருசுபடுத்தாத. வீட்டுல போயிப் பேசிக்கிருவோம்" என்று கிசுகிசுத்தார்.

"கல்யாணத்துக்குக் கூட இம்புட்டுப் பெரிய மாலை நீங்க எனக்குப் போடலயே" என்றாள் அவள், ஊருக்கே கேட்கும்படி.

சித்ரா மைக்கை அவளிடம் நீட்டினார். மலையாண்டியின் கை பழக்க தோஷத்தில் வயரைத் தேடியது. அதிகாரி கொண்டுவந்திருந்த மைக்குக்கு வயரே இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். செத்தவ பேசுறேன்" என்றாள் மஹாலட்சுமி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "இந்த வரிசையில இருக்கிற அம்மாக்கள்லாம் ஒலகத்தையே மாத்துனவுகன்னு போட்டிருக்கு. நான் ஒரு செவரக் கூட மாத்தல. என்னைய எதுக்கு இங்க மாட்டுனாகன்னு தெரியல. மாட்டுனது மாட்டிட்டாக. எங் கடைசி ஆசையின்னு வச்சுக்கங்க மேடம், வரத்துக்கால மறிச்ச அந்தச் செவரு போகணும். சாப்பாட்டுக்கு முன்னாடி வந்து ஒரு எட்டு பாத்துருங்க. சாப்பிட்டுட்டா எங்க வீட்டுக்காரரு ஒங்கள வண்டியேத்தி விட்டுருவாரு."

பொன்னுத்தாயிதான் முதலில் கை தட்டினாள். பிறகு பந்தலே அதிர்ந்தது. சின்னச்சாமியும் தட்டினார், இடுப்புத் துண்டை அவசரமாகத் தோளுக்கு மாற்றிக்கொண்டு.

"தலைவரே, போவமா?" என்றான் பாண்டிமுருகன். மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "ஒங்கள இல்லண்ணே" என்று அவரைத் தாண்டி மஹாலட்சுமியிடம் போனான் அவன்.

உச்சி வெயிலில் மண்டபத்து வாசலில் ஊரே கூடிவிட்டது. சித்ரா போன் போட்டு வரவழைத்த நில அளவையர் டேப்பை உருவினார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மண்டப முதலாளிதான் பிடிக்க வேண்டும் என்று சித்ரா சொல்லிவிட்டார். தலைவரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மலையாண்டி சுவரோரம் குனிந்து டேப்பைப் பிடித்தார்.

நில அளவையர் தன் வரைபடத்தைப் பார்த்தார். மஹாலட்சுமியும் எட்டிப் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள்.

"இன்னும் அங்குட்டுத் தள்ளிப் போங்க. வரத்துக்காலு செவரோட நிக்கல போலருக்கு, மண்டபத்து மேடை வரைக்கும் போகுது."

மலையாண்டி டேப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.