பழுதுப் படிவத்தில் ஒரு டிக்

லிஃப்ட் பழுது பார்ப்பவளிடம் கருத்து கேட்டால் குறைதான் வரும். தெரிந்தும் தம்பி கன்ட்ரோலரை என் கையில் திணித்தான். நாலு வருஷமாகத் தனி ஆளாய் அவன் உருவாக்கிய சண்டை கேம். கோடரிக்காரி ஒருத்தி காட்டுக்குள் பூதங்களோடு மல்லுக்கட்டி, புதுப்புதுத் திறமைகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதுவரை யாரும் ஆடிப் பார்த்ததில்லை.

"பழைய ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடுறாங்கக்கா. மதியத்துக்குள்ள பதில் சொல்லணும். தேறாதுன்னா சொல்லிடு, இன்னிக்கே மூட்டை கட்டிடறேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினான். பொய் எனக்கு வராது, அவனுக்கும் அது தெரியும்.

பையிலிருந்த பழுதுப் படிவத்தை எடுத்து எழுதினேன். ஊர்த்தலைவர் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். குதித்தால் பாறைக்குள் கால் மாட்டுகிறது. குதிரை படியைக் கண்டால் அசைய மாட்டேன் என்கிறது. வெட்டி முடித்த பிறகு சாவகாசமாகச் சத்தம் வருகிறது. மொத்தம் பதினோரு குறை. ஐந்தைத் தாண்டினால் லிஃப்ட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் விதி. பழக்கதோஷத்தில் 'இயக்கத்தை நிறுத்தவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்து மேசையில் போட்டேன். யோசிக்க நேரமில்லை, ஆற்றங்கரையில் நாகம் வந்துவிட்டது.

சனியன் பிடித்த நாகம்! ஏழு முறை என்னைக் கொன்றது. எட்டாவது முறை, அது வாயைத் திறந்த நொடியில் உருண்டு விலகிக் கோடரியை வீசினேன். பாதி உயிர் போய்விட்டது அதற்கு. "வாடி, இப்ப வா!" என்று கத்தினேன். தம்பி வந்ததையோ படிவத்தைப் படித்ததையோ நான் கவனிக்கவே இல்லை.

கூடத்தில் அவன் குரல் கேட்டது. "சரிங்க சார். திங்கட்கிழமையே வந்துடறேன்."

அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! கன்ட்ரோலரோடு ஓடினேன்.

"டேய், போனை வை! இத்தனை பழுது உள்ள லிஃப்ட்டுன்னா பூட்டிட்டுக் கிளம்பியிருப்பேன்டா. இதுல காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன், பாத்ரூம்கூடப் போகலை!"

அவன் என்னையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

"சார்... மன்னிச்சிடுங்க. நான் வரலை."

உள்ளே நாகம் கோடரிக்காரியை விழுங்கும் சத்தம், வழக்கம்போலத் தாமதமாக, கேட்டது. விழுங்கித் தொலையட்டும் என்று அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.