லூசியம்மாவை மிஷினில் விடச் சொன்னேன்

1.

"அந்தச் சுரூபத்த மிஷினுக்குள்ள விட்டுப் பாருங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: 'நெருப்பெரிச்சலின் மேல் காலைப் பனி மெல்லப் படர்ந்து…' பனியாவது ஒன்றாவது. கம்பெனி இருக்கிற அந்த ஊரில் படர்வது கம்பெனி பஸ் புகை. கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

2.

விஷயம் இது. எங்கள் கம்பெனியில் குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மா பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் டேபிளில். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டை, கறை, விட்ட தையல் தேடுவது வேலை. நான் அதே கம்பெனி ஆபீஸில். பி.எஸ்ஸி. இயற்பியல், எங்கள் சொந்தத்தில் முதல் டிகிரி.

பேக்கிங் ஆன பெட்டிகள் ஒரு மிஷினுக்குள் போகும். உடைந்த ஊசித் துண்டு இருந்தால் அது கத்தும். நேற்று ஒரு பெட்டிக்குக் கத்தியது. அவசரமாகத் தேடினார்கள். ஊசி கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் ரவிக்கைக்குள் சுரூபம் கிடைத்தது.

[சுரூபம்: சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ளும் புனிதர் உருவத் தகடு. கூடத்துக்குள் நகை கூடாது என்பது ரூல். அம்மா செய்தது தப்புதான். மறைக்க மாட்டேன்.]

"இதுதான் கத்த வெச்சிருக்குது," என்றார் மேனேஜர் செந்தில்வேல். தேடல் முடிந்தது. இன்று ஐந்து மணிக்கு லோடு ஏறலாம். ஒரே ஒரு லெட்டர் வேண்டும்: 'என் நகையால்தான் சத்தம் வந்தது, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்.' கையெழுத்து அம்மா. இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டியது நான்.

அதுவும் புனைவுதான். எனக்கு அந்தக் கம்பெனி கொடுத்த முதல் வாய்ப்பு.

3.

சுரூபத்தில் இருப்பவள் புனித லூசியா. நகத்தளவு. கையில் தட்டு, தட்டில் இரண்டு கண்கள். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன் சிசிலித் தீவில் இருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சீதன நகைகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தாள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை அவளை அதிகாரியிடம் காட்டிக்கொடுத்தான். ஆள் வைத்து இழுத்தார்களாம், நகரவில்லை. மாடு பூட்டி இழுத்தார்களாம், நகரவில்லை.

கண்களைப் பிடுங்கிய கதை ரொம்பப் பின்னால் சேர்த்தது என்கிறார்கள். என்னைப்போல் யாருக்கோ இருக்கிற கதை போதவில்லை. கண் போகும் வேலை செய்கிறவர்கள் கும்பிடுவது அந்தச் சேர்த்த கதையைத்தான். எனக்குப் பிடித்தது மாடுகள்.

நகையைக் கொடுத்துத் தீர்த்தவளையே நகையாக்கிவிட்டார்களே என்று எரிச்சல் வரும். சாயங்காலம் அம்மா அந்தத் தகட்டை எடுத்து எரிகிற இமைமேல் ஒத்திக்கொள்வாள். என் எரிச்சலை அப்போது எங்கே வைப்பதென்று தெரியாது.

4.

அம்மா பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் அழுதாள். நிஜத்தில் அவள் அழவே இல்லை.

இன்று காலை நல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: அந்த மிஷின் இரும்புக்குத்தான் கத்தும். வெள்ளிக்குக் கத்தாது. விட்டுக் காட்டச் சொல்லலாம்.

"அத மட்டும் கேட்டுப்போடாத கண்ணு. திருவிழாக் கடையில வாங்குனது. வெள்ளின்னு அவன் சொன்னான், நான் நம்புனேன். மிஷின் வேற சொல்லிருச்சுன்னா?"

"சொன்னாத் தெரிஞ்சுக்கலாம்."

"உனக்குத் தெரிஞ்சுக்கோணும். எனக்குக் கும்புடோணும்."

5.

ஆனாலும் கேட்டேன். மிஷின் பக்கத்தில், எல்லோர் முன்னாலும். சுரூபம் மேனேஜர் உள்ளங்கையில்.

"சாமியப் போயி டெஸ்ட் பண்றதுங்களா? பாவமில்லீங்களா?" என்றார்.

"ஏனுங்க சார், உங்க மோதிரம் மட்டும் மாவுல செஞ்சதுங்களா?" இது பத்ருன்னிசாக்கா, அம்மாவுக்கு அடுத்த டேபிள்.

முடிவு அ: மிஷின் கத்தவில்லை. நான் ஜெயிக்கிறேன்.

முடிவு ஆ: கத்துகிறது. அம்மா இத்தனை வருஷம் கண்ணில் ஒத்தியது தகரம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நடந்தது வேறு. அம்மா அவர் கையிலிருந்து சுரூபத்தை எடுத்து என்னிடம் தந்தாள்.

"வெள்ளியோ தகரமோ, இது பெட்டிக்குள்ள இல்லீங்களே. இவ இத வெளிய கொண்டு போகட்டும். பெட்டிய மறுக்கா உடுங்க."

அவ்வளவுதான். இயற்பியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

"நேரமில்லீங்க, அஞ்சு மணிக்கு லோடு," என்றார் மேனேஜர்.

அம்மா பெட்டியைத் தன் டேபிளுக்கு இழுத்துப்போனாள். பிரித்தாள். ஒவ்வொரு பனியனாகத் தையலை விரலால் தடவ ஆரம்பித்தாள்.

"எந்திரிங்கக்கா."

"கொளந்தைக போடறதுங்க சார்."

எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் வந்தார், கார்டைப் பிடுங்கி வெளியே அனுப்புவேன் என்றார். எழுந்திருக்கவில்லை. பத்ருன்னிசாக்கா தன் ஸ்டூலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

[மாடுகளைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தேவைப்படவில்லை.]

6.

"நீங்க போயி லெட்டர முடிங்க," என்று மேனேஜர் என்னை ஆபீஸுக்கு அனுப்பினார். அதைத்தான் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றே முக்கால் மணி நேரமாக நான் அடித்துக்கொண்டிருப்பது இது. அடித்தது, கைவிட்டது எல்லாம் அப்படியே கிடக்கிறது, திருத்த நேரமில்லை.

ஊசி கிடைக்குமா? தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், பெட்டி பாதிக்கு மேல் காலி. முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பனியனில் கழுத்துத் தையலை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

சுரூபத்தை என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். ரூல் சரியான ரூல்தான்.

"லெட்டர் ஆச்சுங்களா?" என்கிறார் வாசலில் நின்று.

"ஆச்சுங்க."

இதைத்தான் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். அம்மாவின் டேபிளில் இன்னொரு ஸ்டூலுக்கு இடம் இருக்கிறது. முதல் தாள் வெளியே வரும்போது நான் இந்த அறையில் இருக்க மாட்டேன்.