மாமா கட்டிவிட்ட பட்டை

திருநாவுக்கரசுக்கு ரத்தத்தைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அடுத்தவன் நிலத்தை அளந்தார். இப்போது செம்மண்டலத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதாக யாரோ திறந்த இலவச மெஷின் சென்டருக்குப் போய், நடுங்கும் பலகைமேல் காலை வைத்து உட்கார்ந்து எழுந்துவந்து, அடுத்தவன் ரத்தத்தை அளந்துகொண்டிருந்தார்.

"ரத்தம் ஓடணும் மச்சான். ஓடுனா வியாதி இல்ல, நின்னா வியாதி. அவ்ளோதான் மேட்டரு."

மச்சான் என்பது அறிவழகன், அவர் மனைவி கொளஞ்சியின் தம்பி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன். அவனுக்குத்தான் இந்த உபதேசம்.

அவன் மனைவி பவானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடினால் போதுமாம்! சிதம்பரத்தில் விலங்கியல் படித்துவிட்டு ஃபேன்சி ஸ்டோரில் வளையல் விற்கிறவள்தான் அவள். ஆனாலும் ரத்தம் எதற்காக ஓடுகிறது என்றாவது தெரியும். இதயத்திலிருந்து அடித்துப்பிடித்து வருகிற ரத்தம், முடியைவிட மெல்லிய குழாய்களுக்குள் நுழைந்ததும் நிதானப்பட்டுவிடும். அங்கேதான் அதற்கு வேலை. மூச்சுக்காற்றையும் சத்தையும் சதைக்குக் கொடுத்து, சதை கழித்துப்போட்டதை வாங்கிக்கொண்டு, சிரை வழியாகத் திரும்பும். கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடத்தில் என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கிறது? இவர் ஆபீசில் எந்த ஃபைல் ஓடியதாம்?

அறிவழகனின் இடக்கையில் அந்த மெல்லிய குழாய்களைத் தாண்டி, தமனியையும் சிரையையும் நேராகவே சேர்த்துத் தைத்திருந்தார் சிதம்பரத்து டாக்டர். பிஸ்டுலா என்பார்கள். அப்படிச் சேர்த்தால்தான் சிரை பருத்து டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும், மெஷினுக்கு வேண்டிய அளவு ரத்தம் வரும். மெஷினின் மெல்லிய இழைகளுக்குள் புகுந்து, கழிவை விட்டுவிட்டு உடம்புக்குத் திரும்பும். தொட்டால் அந்த இடம் உர்ரென்று அதிர வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது; அமுங்கினால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். டாக்டர் சொல்லச் சொல்ல அறிவழகன் நன்றாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். பவானி போய்விட்டுத் திரும்பினால், ஹாலில் திருநாவுக்கரசு. சோபாவில் அறிவழகன். அவன் இடக்கையில் முழங்கைவரை ஒரு பட்டை. காற்று ஏறி உப்பி, கையை இறுக்கிக்கொண்டிருந்தது.

"நல்லா புடிக்குதா மச்சான்?"

"புடிக்குது மாமா."

பவானி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாய்ந்து பட்டையைப் பிய்த்தெறிந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். காதை வைத்துப் பார்த்தாள். ஓர் அதிர்வுமில்லை.

"எவ்ளோ நேரமா கட்டியிருக்கீங்க?"

"சென்டர்லேருந்து எனக்காகக் கேட்டு எடுத்தாந்தாரு. ஒரு மணி நேரம் இருக்கும்."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. ஆசையா எடுத்தாந்தவர எப்படி வேணாங்குறது? அக்காவக் கட்டுனவரு."

அட, அக்காவைக் கட்டியவரே! அவர் உட்காராமல் அந்தக் குடும்பத்தில் பந்தி ஆரம்பிக்காது. அவர் முகம் கோணினால் காதுகுத்துத் தேதி மாறும். அதெல்லாம் தொலையட்டும். உயிரோடிருக்கிற ரத்தக்குழாயையுமா சீர்த்தட்டில் வைத்து நீட்டுவான் ஒரு மனுஷன்?

காரைப் பிடித்துச் சிதம்பரம் ஓடினாள். டாக்டர் கையைக் கீறிப் பார்த்தார். உள்ளே கட்டி கட்டியாக உறைந்திருந்தது. எவ்வளவோ எடுத்துப் பார்த்தும் ஓட்டம் திரும்பவில்லை. உடனடி டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் செருகினார்கள்.

"இடக்கையில இனிமே வழியில்ல. வலக்கையில மறுபடி சேத்துத் தைக்க ஒரே ஒரு நரம்புதான் தேறும்மா," என்றார் டாக்டர். "அதுல ஊசி போட விடாதீங்க, யாரையும் அமுக்க விடாதீங்க. அதுவும் போனா ரொம்பக் கஷ்டம்."

மறுநாள் திருநாவுக்கரசும் கொளஞ்சியும் பார்க்க வந்தார்கள். கையில் இளநீர். டயாலிசிஸ்காரனுக்கு எது ஆகவே ஆகாதோ அதைத் தேடிப்பிடித்து வாங்கி வருவதற்கும் ஒரு ஞானம் வேண்டும்தான்.

"மெஷின்ல தப்பில்லம்மா. சென்டர்ல கேட்டுட்டேன். கெட்ட ரத்தம் ஜாஸ்தியா இருந்தா மொதல்ல இப்படித்தான் காட்டுமாம்," என்றபடி கட்டிலில் உட்கார்ந்தார். அறிவழகனின் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இந்தக் கையில நல்லா ஓட்டம் வர்ற மாதிரி நீவி விடுறேன் பாரு." கட்டைவிரல் மணிக்கட்டிலிருந்து மேலே அழுத்திக்கொண்டு ஏறியது.

அறிவழகன் சிரித்தான். வாகாகக் கையைத் திருப்பியும் கொடுத்தான்.

"கைய எடுங்கண்ணா," என்றாள் பவானி.

"என்னம்மா?"

"கைய எடுங்க! ஒரு கையக் கொன்னது போதாதா? உங்க வைத்தியத்துல இடி விழ!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கொளஞ்சி எழுந்துவிட்டாள். "யாரப் பாத்து என்னா பேசுற? பாத்துக்கிட்டு சும்மா கெடக்குறானே எந்தம்பி! வாங்க போலாம். இவுங்க வாசப்படி இனிமே நமக்கு வேணாம்."

அவர்கள் போய்விட்டார்கள். இளநீரையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எல்லாம் போச்சு," என்றான் அறிவழகன். கை போனபோதுகூட அவன் இப்படிச் சொல்லவில்லை. "அக்காவே போயிருச்சு. ஓடிப்போயி அவர் கால்ல வுழுந்தாவது கூட்டியா."

பவானிக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. இவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க. உசுரு வேணுமா, மாமா வேணுமா?"

அவன் யோசித்தான். பாவி, யோசித்தான்! பிறகு, அவளிடம் கோபம் என்று காட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தான். கழுத்துக் குழாய் விடவில்லை. வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.