மெஷின் எடுக்காத விரல்

என் புருஷன் ரகுபதி ஊரில் எல்லாரையும் நம்புவார், டாக்டரைத் தவிர. கல்லீரல் புற்றுநோய்க்கு தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் உள்ளங்கை சிவந்து, கொப்புளம் கட்டி, தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் ஆள் அவ்வளவுதான் என்று அவராகவே முடிவுகட்டி, வீட்டிலும் கம்பெனிக் கையுறையோடு திரிந்தார். கேட்டால், "கை குளுருதுடி" என்பார். ஒரகடத்தில், சித்திரை வெயிலில்! நானும் நம்பித் தொலைத்தேன்.

அன்று காலை ஷிஃப்டுக்குப் போனவரின் விரலை கம்பெனி கேட்டில் ரேகை வைத்து வருகை பதியும் பஞ்ச் மெஷின் எடுக்கவில்லை. அசெம்ப்ளி லைனில் கிரீஸ் படிந்த கைகளுக்கு அது வழக்கம்தான். கூட வேலை பார்க்கும் மணிகண்டபிரபு மதுரைக்காரப் பிள்ளை, நல்ல மனசு, அவசர புத்தி. "கிரீஸுதாண்ணே, கையக் குடுங்க" என்று சொரசொரப்பான கிரீஸ் சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். உண்மையைச் சொல்ல மனமில்லாமல் இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டியிருக்கிறார். ரேகையே உரிந்துபோன விரலில் அழுக்கு ஏது? ரத்தம்தான் வந்தது. எனக்கு போன் போட்டு அழுததும் அந்தப் பிள்ளைதான்.

"யோவ், உனக்கு அறிவு கீதா?" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் திட்டிக்கொண்டே கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா கையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "முதல் கொப்புளத்துலயே வந்திருக்கணும்."

"மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்கம்மா" என்று இவர் கும்பிடப் போனார். வலியில் இரண்டு கையும் சேரவில்லை. என் கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது.

"ஒரேயடியா யாரு நிறுத்தப்போறா? புண்ணு ஆறட்டும். அப்புறம் அளவைக் குறைச்சு ஆரம்பிப்போம். மறைச்சாதான் ஆபத்து." போன வாரம் எடுத்த ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். "கட்டி சுருங்கியிருக்கு."

"மெய்யாலுமா?" என்று கேட்டவர், வெளியே வந்து என்னிடமும் அதையே கேட்டார்.

திரும்பும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாற இறங்கியதும், "பசிக்குதுடி" என்றார். மாத்திரை தொடங்கிய நாளாக அவர் வாயில் வராத வார்த்தை. ஓடாத குறையாக அவரை மெஸ்ஸுக்குள் இழுத்துப்போய்த் தயிர்சாதம் வாங்கினேன். இரண்டு கையிலும் கட்டு. பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். பக்கத்து மேசையில் ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எல்லாரும் பாக்கறாங்கடி."

"பாக்கட்டும். வாயத் தொற."

வெட்கத்தோடு திறந்தார். தட்டு காலியானதும், "இன்னொண்ணு சொல்லேன்" என்றார்.