வேகாத உருண்டை

2006 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை பகல். செனகல் நாட்டில், சான் லூயி நகரின் கெட் ந்தார் மீனவர் குடியிருப்பில், சுகைனா வைத்த சட்டியில் இருபத்திரண்டு மீன் உருண்டைகள் இருந்தன. இருபத்தொன்று வெந்தன. ஒன்று வேகவில்லை. எண்ணெயில் பொரித்தபோதும் தக்காளிக் குழம்பில் கொதித்தபோதும் அது இடித்த மடவை மீனின் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது, தொட்டால் குளிர்ந்தது. பூனைக்குப் போட்டார்கள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரேறிப் போய்விட்டது.

ஒன்பது நாள் முன்புதான் சுகைனாவின் கணவன் மசெக், எண்பத்தேழு பேரோடு ஒரே மரப்படகில் ஸ்பெயினுக்குப் புறப்பட்டிருந்தான். அந்தப் படகின் முகப்புப் பலகை மொரித்தானியக் கரையில் ஒதுங்கிய செய்தி அன்று காலை வந்திருந்தது. மசெக், கடல் கொந்தளிக்கும் நாட்களில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து உருண்டை பிடிப்பவன். ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பது அவள் வழக்கம்; குழம்பு அதில் தேங்கும். அதை அவனும் கற்றுக்கொண்டிருந்தான். "கடலுக்குப் போடான்னா சட்டிக்கு முன்னாடி குந்திக்கிட்டான்" என்று அவன் அண்ணன் அலசான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மறுநாளும் ஒன்று வேகவில்லை. அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டுப் பெண் அரம்தான் முதலில் கண்டு சொன்னாள். அவள் கணவனும் அதே படகில் போனவன். "ஏடி சுகைனா, உன் ஆளு சாகலடி. சட்டியே சொல்லுது பாரு. எனக்கும் ஒரு சட்டி வையேன்." சுகைனா வைத்தாள். அரம் கொண்டுவந்த மீனில் பதினெட்டு உருண்டை வந்தது; பதினெட்டும் நன்றாக வெந்தன. அரம் ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள், இன்னொன்றைப் பிட்டாள், பதினெட்டையும் பிட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்த மாதத்தில் பதினொரு பெண்கள் மீனோடு வந்தார்கள். பதினொரு சட்டியும் வெந்தது. அவர்கள் துக்கத் துணி உடுத்தி நான்கு மாதம் பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி வண்ணத் துணிக்கு வந்தார்கள். மூன்று பேர் மறுமணமும் செய்துகொண்டார்கள். சுகைனாவிடம் அதன் பிறகு யாரும் அடுப்புக்கு நெருப்புகூடக் கேட்கவில்லை. தெருவில் அவள் மீன் வாங்க நின்றால் மற்றப் பெண்கள் கூடையை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள்.

வீட்டில் அவளுக்கு மரியாதை கூடியது. உயிரோடு இருப்பவனின் மனைவி அவள். வேகாத உருண்டையை அலசான் தினமும் மாலையில் ஒரு தகர மூடியில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார். சுகைனா கல்யாணங்களுக்குப் போகவில்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் அவளுக்கு இடமில்லை. தொலைபேசி இருந்தது, அடிக்கவில்லை. காணாமல்போனவனின் மனைவி நான்கு ஆண்டு காத்திருந்தால் போதும், பிறகு அவனை இறந்தவனாகக் கொண்டு துக்கம் காத்து விடுபடலாம் என்று சட்டம் இருக்கிறதே என நான்காம் ஆண்டில் இமாமிடம் போய்க் கேட்டாள். இமாம் நல்ல மனிதர். வெகுநேரம் தாடியைத் தடவினார். "இருக்கானா இல்லையான்னு தெரியாதவனுக்குத்தாம்மா அந்த நாலு வருஷம். இவன் நிலைமைதான் சட்டியிலயே தெரியுதே. வெந்தா சொல்லு. ஒரு உருண்டையும் பச்சையா இல்லாத சாப்பாட்டை என் கண்ணால பார்த்தா அன்னைக்கே எழுதித் தர்றேன்."

அந்த ஆண்டு ஜூலையில், வேறு வழியாக ஸ்பெயினுக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிராம் ஜோப் வந்து சேர்ந்தான். அலசானுடையது ந்தியாய் குலம்; அந்தக் குலத்து வீட்டுக்குள் ஜோப் குலத்தவன் விளையாட்டாக வைதுகொண்டுதான் நுழைய வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

"சோத்தை ஒளிச்சு வைங்கப்பா, ந்தியாய்க்காரன் முழிக்கிற முழி சரியில்ல" என்றான்.

"வாடா எங்க வீட்டு அடிமை, உக்காரு" என்றார் அலசான்.

மூன்றாவது குவளைத் தேநீருக்குப் பிறகு பிராம் சொன்னான். "எந்த நாட்டுக்குப் போனாலும் கறியை உருட்டித்தான் திங்கிறாங்க. மொராக்கோகாரன் சீரகத்தைக் கொட்டி கெஃப்தாங்கிறான். ஸ்பெயின்காரன் அல்போந்திகாங்கிறான். அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில மாட்டுக்கறிதானான்னு மூணு வாட்டி கேட்டுத்தான் வாயில வச்சேன். வச்சா, ஒவ்வொண்ணுலயும் கட்டைவிரல் குழி! யாரு சமையல்னு கேட்டேன். உங்க ஊர்க்காரன்னாங்க. உள்ள எட்டிப் பார்த்தேன். மசெக்தான்."

"என்ன சொன்னாரு?" என்றாள் சுகைனா.

பிராம் குவளைக்குள் பார்த்தான். "என்னைப் பார்த்தான் அக்கா. பார்த்துட்டுப் பின்பக்கமாப் போயிட்டான்."

அலசான் எழுந்து நின்று இறைவனைப் புகழ்ந்தார். அன்றே ஆடு அறுத்தார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெரு முழுக்கச் சோறு போனது. ஆட்டைச் சமைத்தவள் சுகைனா. உப்பு சரியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவள் இமாமைச் சாப்பிட அழைத்தாள். பெரிய தட்டில் சோறும் சுற்றி உருண்டைகளும் வந்தன. இமாம், அலசான், சுகைனா மூவரும் உட்கார்ந்தார்கள். வேகாதது அவள் பக்கத்தில் இருந்தது. அலசான் அதைத் தகர மூடிக்கு எடுக்கக் கைநீட்டும் முன் அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அது கடல் தண்ணீராய்க் கரித்தது. மெல்ல மெல்லக் குளிர் பல்லுக்குள் ஏறியது. அவள் முழுதாக விழுங்கும்வரை இமாம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் பண்ணின? என் தம்பி அது!" என்றார் அலசான்.

"பசி மச்சான்" என்றாள் சுகைனா. "நாலு வருஷப் பசி."

இமாம் தட்டிலிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தார். "இந்தத் தட்டில் பச்சையாக ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அலசான் சாப்பிடாமல் எழுந்து போனார்; அதன் பிறகு அவளோடு பேசவில்லை.

சுகைனா துக்கத் துணி உடுத்தினாள். நான்கு மாதம் பத்து நாளும் அவள் உருண்டை பிடிக்கவில்லை. கெடு முடிந்த மறுநாள் தன் மூட்டையோடு காயார் ஊரில் இருந்த தன் சொந்தத் தம்பி வீட்டுக்குப் போனாள். பூனையும் கூடையில் போனது. அங்கே முதல் நாள் மடவை மீன் மலிவாகக் கிடைத்தது. இருபத்திரண்டு உருண்டை பிடித்தாள். குழி வைக்கவில்லை. இருபத்தொன்று வெந்தன. வேகாமல் மிஞ்சியதைப் பூனைக்குப் போட்டாள். பூனை தின்றது.