வாக்குமூலத்தின் மேல் இரண்டு புறாக்கள்

1.

இந்தக் கதை இரண்டு மீன் பற்றிசுக்காக எழுதப்படுகிறது. ஒளிக்க ஒன்றுமில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் பெண்கள் உதவி நிலையமொன்றில் வேலை செய்யும் கீர்த்தனி, பொரித்த பற்றிஸ் பலகாரத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, பாலியல் வன்முறையால பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு என்ன உரிமை இருக்கெண்டு ஒரு சின்னக் கதை எழுதித் தாங்கோ. சட்டத்தை அச்சடிச்சுக் குடுத்தா ஒருத்தரும் வாசிக்கினமில்லை."

வாய் நிறைந்திருந்ததால் தலையை ஆட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு நிபந்தனை. என்ன நடந்தது எண்டு விவரிக்கக் கூடாது. அதுக்குப் பிறகு நடந்ததை எழுதுங்கோ."

2.

முதல் தொடக்கம்: "துறைமுகத்தின் மேல் சூரியன் இரத்தமாய்க் கசிந்த அந்த மாலையில், ஜுமானா என்னும் பேதை –"

(இதை நிறுத்தியவள் ஜுமானாதான். அவளை நான் உருவாக்கி அரை வரிகூட ஆகவில்லை.)

"சேர், நான் பொலிசுக்குப் போனது காலைல பத்து மணிக்கு. பேதையுமில்ல. கிண்ணியாவுல பாமசில வேல செய்யிறன்."

இரண்டாம் தொடக்கம்: "கண்ணீர் வழிய, தள்ளாடியபடி பொலிஸ் நிலையப் படியேறினாள்."

"பஸ்ஸால இறங்கி, குடைய மடக்கிட்டு ஏறினன். அப்புடியே எழுதுங்க."

எழுதினேன். நானே உண்டாக்கிய ஆட்களிடம் ஏச்சு வாங்குவது என் தலைவிதி.

3.

கொஞ்சம் வரலாறு. நெடுங்காலமாகச் சட்டம் எழுதிய கதையில் பாதிக்கப்பட்டவள் வெறும் சாட்சி. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குச் சட்டத்தரணி இருந்தார், வழக்குக்கு இலக்கம் இருந்தது, அவளுக்கு விறாந்தையில் காத்திருக்க ஒரு வாங்கு இருந்தது. 2015இல் பாதிக்கப்பட்டோருக்கென்று தனிச் சட்டம் வந்தது; 2023இல் அதைப் புதுப்பித்தார்கள்.* கண்ணியமாக நடத்தப்படுவது, மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, வழக்கு எந்த மட்டில் நிற்கிறது என்று அறிவது எல்லாம் உரிமையாயின. (இரண்டு பற்றிசுக்கு இவ்வளவு சட்டம் போதும்.)

* ஆண்டுகள் சரி. பொலிஸ் நிலையமும் ஆட்களும் என் கற்பனை.

என் கதையின் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் நிவேதிகா இருக்கிறார். நல்ல மனிசி. பெண்களிடம் வாக்குமூலத்தை மறைவாக எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஆனால் இருந்த ஒரேயொரு அறையில் வழக்குகளில் பிடிபட்ட மீன்வலைகள் கூரைவரை குவிந்து நாறிக் கிடந்தன. ஆகவே மண்டபத்தின் மூலையில் திரை கட்டத் தீர்மானித்தார். அவருடைய தம்பி யதுர்சன் கல்யாண மேடை சோடிப்பவன். கடையில் மிச்சமிருந்த திரையை அனுப்பிவைத்தான்.

சிவப்பு வெல்வெற். 'மணமக்கள் வாழ்க' என்று வெள்ளை நுரைப்பலகையில், ரெஜிபோமில், வெட்டிய எழுத்துகள். மேலே மினுக்கம் பூசி ஒட்டிய இரண்டு புறாக்கள்.

(மறுபக்கம் திருப்பிக் கட்டியிருக்கலாமே என்கிறீர்களா? திருப்பிப் பார்த்தார். 'பூப்புனித நீராட்டு விழா' என்றிருந்தது.)

4.

திரைக்குப் பின்னால் ஜுமானா ஒரு மணித்தியாலம் பேசினாள்.

"அந்த ஆள் கதவை –"

(இந்த வரியின் மேல் ஜுமானா கையை வைத்துவிட்டாள். "இத ஏற்கனவே நாலு பேருக்குச் சொல்லிட்டன். நீங்க அஞ்சாவது ஆளா சேர்?" மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.)

சொல்லவே முடியாத இடத்துக்கு அவள் வந்தபோது, ஒரு புறா பசை விட்டு, நிவேதிகாவின் தொப்பியில் இறங்கிக் குந்தியது. அது தெரியாமல் நிவேதிகா மிகவும் துக்கமான முகத்தோடு கேட்டார்: "பிறகு?"

ஜுமானா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, ஏலாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எதையும் விடாமல் எழுதும் பழக்கமுள்ள நிவேதிகா எழுதினார்: "முறைப்பாட்டாளர் சிரித்தார்."

அதை 'அழுதார்' என்று மாற்ற நினைத்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் சிரிப்பவளை யார் நம்புவார்கள்? நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பும் இதையேதான் கேட்கப்போகிறது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

5.

ஒப்பமிடுவதற்கு முன் வாசித்துக் காட்டினார்கள். அந்த வரியில் ஜுமானா கையை உயர்த்தினாள்.

"ஏன் சிரிச்சன் எண்டு எழுதல்லயே, மிஸ். உங்கட தொப்பில புறா வந்து குந்தினதாலதானே."

"அதை எழுதினா புறாவை எழுதோணும், தங்கச்சி. புறாவை எழுதினா திரையை எழுதோணும். இந்த ஸ்டேசனுக்குப் பொறுப்பான ஓஐசி என்னைக் கந்தளாய்க்கு மாத்திப்போடுவார்."

"அப்ப சிரிச்சத வெட்டுங்க."

"எழுதினதை வெட்டவும் ஏலாது."

"அப்ப ஒப்பம் வைக்க மாட்டன். கோட்டுல அவன்ட லோயர் இந்த ஒரு வரியத்தான் தூக்கிப் பிடிப்பார். உண்மையா நடந்திருந்தா சிரிப்பு வருமா எண்டு கேப்பார்."

நிவேதிகா தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் புறாவைக் கண்ணால் கண்டார்.

6.

முடிவு (அ): நிவேதிகா காரணத்தை எழுதுகிறார். ஓஐசி மனம் மாறி, கதவுள்ள அறையொன்று கட்டித் தருகிறார். (கீர்த்தனிக்குப் பிடிக்கும். எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு (ஆ): எழுதாமலே ஒப்பம் வாங்கி, வழக்கு – (வேண்டாம். ஜுமானா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

முடிவு (இ): நகரத்தில் திரியும் மான்களில் ஒன்று உள்ளே வந்து வாக்குமூலத்தைத் தின்றுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஜுமானாவுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் திரும்ப முதல்லருந்து சொல்லணுமே, சேர்."

மானைத் துரத்திவிட்டேன்.

நிவேதிகா பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார். வரியை முடிக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே வாசகரே, உங்களிடம் வருகிறேன். திரையிலோ, திரையின் மறுபக்கத்திலோ, தொப்பியிலிருந்த புறாவிலோ நீங்களும் ஓரிடத்தில் சிரித்தீர்கள். ஓம், நீங்கள்தான். சிரித்தபோது ஜுமானாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தீர்களா? இல்லையே. அப்படியானால் பேனையை வாங்குங்கள். வரி பாதியில் நிற்கிறது:

"முறைப்பாட்டாளர் சிரித்தார், ஏனெனில் ……………………