முப்பத்தெட்டுக் காலர்

சட்டைக் கம்பெனியில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவளுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. காரணம் காலர்க்காரி. ஒன்பது வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தவள், ஜெபத்துக்கும் இருவருக்கும் ஒரே சபை. அதே பதவிக்கு அவளும் எழுதிக் கொடுத்திருந்தாள், கிடைக்கவில்லை. கிடைக்காதவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? இவளோ சேதி வந்ததும் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் நன்றி சொல்ல சூப்பர்வைசர் எழுந்தபோது, எல்லாரையும்விடச் சத்தமாக "அல்லேலூயா" போட்டதும் அவள்தான்.

வயிறு எரியாமலா இருக்கும்? எதையோ உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று சூப்பர்வைசருக்குப் பட்டது.

அன்றைக்குப் போதகர் வேறு, "சாவு வீட்டுல போய் அழுறது சுலபம். கூட இருக்கிறவங்க உயரும்போது மனசாரச் சிரிக்கிறதுதான் கஷ்டம்" என்று பேசினார். சூப்பர்வைசர் ஓரக்கண்ணால் காலர்க்காரியைப் பார்த்தாள். நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். காலர்க்காரி சிரித்தால் சந்தேகம், தண்ணீர் குடிக்கப் போனால் சந்தேகம். "சாப்டியா?" என்று கேட்டால் அதிலும் ஏதோ உள்குத்து. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, மறந்துபோன டிபன் டப்பாவை எடுக்கத் திரும்பி வந்தாள். சூப்பர்வைசரின் மேசையிலேயே காலர்க்காரி குனிந்து நின்று, வெட்டி வைத்த காலர்த் துண்டுகளில் ஒட்டியிருந்த அளவு நம்பர்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

காலர் ஒரு அளவு, சட்டை ஒரு அளவு என்று கலந்துவிட்டால் கட்டு முழுக்கக் குப்பை. சூப்பர்வைசர் வேலையும் அதோடு போயிற்று.

பாய்ந்து கையைப் பிடித்தாள். "இதுக்குத்தானா அந்த அல்லேலூயா? எனக்கு அப்பவே தெரியும்டி!"

காலர்க்காரி திடுக்கிட்டாள். பிறகு கட்டின் சீட்டை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்துத்தான் நம்பர் ஒட்டுவார்கள். முப்பத்தெட்டு அளவுக் காலர்க் கட்டில் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. கையெழுத்து சூப்பர்வைசருடையதே.

"காலரத் தொட்டதுமே கைக்குத் தெரிஞ்சிடுச்சு. மூணு மணிக்கு மேனேஜர் வர்றாரு. எல்லார் முன்னாடியும் சொன்னா உனக்குத்தானே அசிங்கம், சத்தமில்லாம மாத்திடலாம்னு..." கையை உருவிக்கொண்டாள். "எங்கம்மா செத்தப்ப மூணு நாள் என்கூட இருந்து அழுதியே. இவ எதுக்கு அழுறான்னு நான் உன்னச் சந்தேகப்பட்டேனா?"

அந்த மூன்று நாளும் சூப்பர்வைசர் உண்மையாகத்தான் அழுதாள். ஆனால் இந்தப் பதவி காலர்க்காரிக்குக் கிடைத்திருந்தால்? சபையில் தன் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வந்திருக்காது. போதகர் யாருக்குச் சொன்னார் என்பது இப்போது புரிந்தது, வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருடி" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அழுறதெல்லாம் அப்புறம். இன்னும் நாப்பது துண்டு கிடக்கு, உரி."

சூப்பர்வைசர் புதுச் சீட்டை எழுதினாள். "முப்பத்தெட்டுதானே?" என்று அவளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தாள்.